கணிப்பொறிக் கணக்கில் கரைந்த உப்பு

வானூர்தி கட்டுமுன் அதன் இறக்கையைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாயும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்துவிடுகிறார்கள். புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதையும் கணிப்பொறி முன்கூட்டியே கூறுகிறது. இதே போல் ஓர் இரசாயனத் தொழிற்சாலையையும், முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பாகவே, கணிப்பொறிக்குள் இயக்கிப் பார்க்க முடியும். இதை ஆங்கிலத்தில் 'சிமுலேஷன்' என்கிறார்கள். நாம் 'பாவனைக் கணிப்பு' எனலாம்.

இந்தக் கருவியைப் பற்றி இன்று ஒரு பெரும் நம்பிக்கை பேசப்படுகிறது. தொழிற்சாலை ஓடத் தொடங்கிய பின் கழிவைச் சுத்திகரிப்பதைவிட, வடிவமைக்கும்போதே கழிவு பிறக்காமல் செய்துவிடலாம். எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்து, மாசு மிகக் குறைந்த வழியைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதே அது. நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அறிவியலில் எந்த நம்பிக்கையும் சோதனைக்கு உட்பட்டது. இந்தக் கட்டுரையில் அந்தச் சோதனையை நம் வீட்டருகே, பாலாற்றங்கரையில் நடத்திப் பார்ப்போம்.

பெட்டிகளும் அம்புகளும்

பாவனைக் கணிப்பின் அடிப்படை மிக எளியது. தொழிற்சாலையில் உள்ள ஒவ்வோர் எந்திரத்தையும் ஒரு பெட்டியாக வரைகிறோம். கலக்கும் தொட்டி ஒரு பெட்டி. வினைக்கலம் ஒரு பெட்டி. வாலை வடிக்கும் கோபுரம் ஒரு பெட்டி. ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் செல்வதை அம்புக்குறியால் காட்டுகிறோம். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு விதியை விதிக்கிறோம்: உள்ளே சென்ற பொருள் வெளியே வந்தாக வேண்டும், அல்லது உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். இது பொருண்மை அழியாமை விதி. லவாய்சியே 18-ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியது. நம் பள்ளிப் பாடநூலில் உள்ளது. இதனோடு ஆற்றல் அழியாமை விதியையும், ஒவ்வொரு பொருளின் கொதிநிலை, கரைதிறன் போன்ற பண்புகளையும் சேர்த்தால் தொழிற்சாலையின் வரவு செலவுக் கணக்கு முழுவதும் கிடைத்துவிடும்.

அப்படியானால் கணிப்பொறி எதற்கு? சுழற்சிதான் காரணம். பயன்படாமல் மிஞ்சிய பொருளை மறுபடி முதல் பெட்டிக்கே திருப்பிவிடும்போது, முதல் பெட்டியின் வரவு கடைசிப் பெட்டியின் செலவைப் பொறுத்ததாகிவிடுகிறது. கடைசிப் பெட்டியின் செலவோ முதல் பெட்டியைப் பொறுத்தது. எனவே ஒரு விடையை ஊகித்து, கணக்கைச் சுற்றிவந்து, ஊகத்தைத் திருத்தி, மீண்டும் சுற்றிவர வேண்டும். நூறு பெட்டிகள் இருந்தால் மனிதக் கையால் ஆகக்கூடிய வேலையன்று.

சுழற்சியில் ஒரு பொறியும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் 1 கிலோ அழுக்கு புதிதாக நுழைகிறது, சுழலும் நீரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வெளியே விடுகிறோம் என்று கொள்வோம். சுற்றுகள் பெருகப் பெருக அழுக்கு சேர்ந்துகொண்டே போய், 10 கிலோ சேர்ந்த பின்புதான் நிலைபெறும். அப்போதுதான் வெளியேறும் பத்தில் ஒரு பங்கு, நுழையும் 1 கிலோவுக்குச் சமமாகிறது. 'கழிவு நீரை அப்படியே திருப்பிப் பயன்படுத்தினால் போயிற்று' என்று எளிதாகச் சொல்பவர்களுக்குக் கணிப்பொறி தரும் முதல் எச்சரிக்கை இதுவே.

இத்தகைய நிரல்களில் புகழ்பெற்றது 'ஆஸ்பென்'. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்யும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க அரசு விரும்பியது. அதற்காக மாசாசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1976 முதல் 1981 வரை இந்நிரல் உருவாக்கப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் போடோ லின்ஹாஃப் என்பவர், ஓரிடத்தில் வீணாகும் வெப்பத்தை வேறோரிடத்தில் பயன்படுத்துவதற்கான 'பிஞ்ச்' முறையை வகுத்தார். இவ்விரண்டின் பிறப்பையும் கவனிக்க வேண்டும். இரண்டும் ஆற்றல் சிக்கனத்துக்காகப் பிறந்தவை. ஆற்றின் தூய்மைக்காகப் பிறந்தவை அல்ல.

ஒரே தண்ணீர், நான்கு மடங்கு தூய்மை

குறை கூறுவதற்கு முன் இந்த முறையின் சிறப்பைச் சொல்லிவிடுவது நியாயம். காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்வோம். சாயத்தொட்டியிலிருந்து எடுத்த சிட்டங்களில் 1 லிட்டர் நீர் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் 100 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அலசுவதற்கு நம்மிடம் 4 லிட்டர் நல்ல தண்ணீர் உண்டு. என்ன செய்யலாம்?

நான்கு லிட்டரையும் ஒரே தொட்டியில் ஊற்றி அலசினால், 5 லிட்டரில் 100 கிராம் பரவி, சிட்டத்தோடு வெளிவரும் 1 லிட்டரில் 20 கிராம் உப்பு தங்கும். இரண்டிரண்டு லிட்டராகப் பிரித்து இருமுறை அலசினால் 11 கிராம் தங்கும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. இரண்டு தொட்டிகளை வைத்து, நல்ல தண்ணீரை இரண்டாவது தொட்டிக்கு மட்டும் விட்டு, அதிலிருந்து வழியும் நீரை முதல் தொட்டிக்கு விடுவது. சிட்டம் முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும். தண்ணீர் எதிர்த்திசையில் வரும். இதை எதிரோட்ட முறை என்பர். இம்முறையில் தங்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு! தண்ணீர் அதே 4 லிட்டர்தான்.

அல்லது, 20 கிராம் தங்கினால் போதும் என்றால் எதிரோட்ட முறைக்கு ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீரே போதுமானது. பத்தில் ஆறு பங்கு தண்ணீர் மிச்சம். புதிய இரசாயனம் இல்லை. விலையுயர்ந்த எந்திரம் இல்லை. தண்ணீர் செல்லும் திசையை மாற்றியதுதான் வேறுபாடு. இரண்டு தொட்டிக்கு இந்தக் கணக்கைத் தாளிலேயே போடலாம். இருபது தொட்டிகளும் பல வண்ணங்களும் இருந்தால் கணிப்பொறி வேண்டும். மாசு குறைப்பு என்பது ஆலையின் கடைசியில் அல்ல, வடிவமைப்பில்தான் தொடங்குகிறது என்ற கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது என்பது இப்போது விளங்கும்.

மாசுக்கு ஒரு மதிப்பெண்

பொருள்களின் வரவு செலவு தெரிந்துவிட்டது. ஆனால் பத்து கிலோ உப்பு கெட்டதா, ஒரு கிலோ கந்தகச் சேர்மம் கெட்டதா? இதை எப்படி ஒப்பிடுவது?

இக்கேள்விக்கு விடை காண அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முயன்றனர். 1994-இல் ஹிலாலி, சுபாஸ் சிக்தார் ஆகியோர் வெளியிட்ட முறையைப் பின்னர் கபேஸாஸும் அவருடைய குழுவினரும் விரிவுபடுத்தினர். 'வார்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்முறைக்குக் 'கழிவுக் குறைப்பு வழிமுறை' என்று பொருள். பொருளுக்கும் ஆற்றலுக்கும் வரவு செலவு எழுதுவது போலவே, தீங்குக்கும் வரவு செலவு எழுதுவது இதன் புதுமை. எட்டுத் தலைப்புகளில் தீங்கு அளக்கப்படுகிறது: உண்பதால் மனிதருக்கு வரும் நச்சு, சுவாசம் மற்றும் தொடுதலால் வரும் நச்சு, நிலவாழ் உயிர்களுக்கான நச்சு, நீர்வாழ் உயிர்களுக்கான நச்சு, புவி வெப்பமடைதல், ஓசோன் அழிவு, ஒளிவேதிப் புகைமூட்டம், அமில மழை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தந்து, தேவையான எடை கொடுத்துக் கூட்டினால் ஆலையின் மொத்தத் தீங்கு ஓர் எண்ணாகக் கிடைக்கும்.

இது துணிவான முயற்சி. ஆலையின் இலாபத்தைப் போலவே அதன் தீங்கையும் ஓர் எண்ணாக்கி, வடிவமைப்பாளரின் மேசையில் வைத்தது இம்முறை. ஆலைக்குள் எரியும் ஆற்றலைத் தயாரிக்கும் மின்நிலையத்தின் புகையையும் பின்னர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் பாராட்டத்தக்கது.

சரி, இந்த மதிப்பெண்ணைப் பாலாற்றுக்குக் கொண்டுவருவோம்.

பாலாற்றங்கரைக் கணக்கு

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்துக்குள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியே காஞ்சிபுரத்துக்கு வருகிறது. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த பகுதி. ஆற்றில் நீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்கடியில் ஊற்று ஓடுகிறது. அந்த ஊற்றை நம்பித்தான் கரையோர ஊர்களின் கிணறுகள் இருக்கின்றன.

ஒரு டன் தோல் ஆலைக்கு வருகிறது என்று கொள்வோம். அழுகாமல் இருப்பதற்காகப் பச்சைத் தோலில் அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோற்றுப்பு தேய்க்கப்படுவது வழக்கம். அதாவது 400 கிலோ. அதில் 100 கிலோ உதிர்ந்துபோக, 300 கிலோ நீரில் கரைவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். 35 லிட்டர் என்று கொண்டால் டன்னுக்கு 35,000 லிட்டர். உப்பை நீரால் வகுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 8,600 மில்லிகிராம் வருகிறது. வெளியேற்றும் கழிவு நீரில் கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. பதனிடும் வேலை தொடங்குவதற்கு முன்பே, ஊறவைத்த உப்பு மட்டுமே விதியைப்போல் நான்கு மடங்கு!

அடுத்தது குரோமியம். தோலின் எடையில் 8 விழுக்காடு காரக் குரோமியம் சல்பேட் சேர்ப்பது மரபான அளவு. ஒரு டன்னுக்கு 80 கிலோ. அதில் உலோகக் குரோமியம் 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோல் அதில் 60 முதல் 70 விழுக்காடு வரைதான் ஏற்றுக்கொள்ளும். மீதி, ஏறத்தாழ 5 கிலோ, கழிவில் போகிறது. மேலே கண்ட 35,000 லிட்டரில் அது கலந்தால் லிட்டருக்கு 130 மில்லிகிராமைத் தாண்டும். விதி அனுமதிப்பது 2 மில்லிகிராம்.

குரோமியத்துக்கு நம்மவர்களே நல்ல வழி கண்டிருக்கிறார்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையில், பயன்படுத்திய குரோமியக் கரைசலோடு மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். கழிவாகப் போவது மூலப்பொருளாகத் திரும்புகிறது. பாவனைக் கணிப்பின் மொழியில் சொன்னால், வெளியே சென்ற ஓர் அம்பு உள்ளே வளைக்கப்பட்டது.

உப்பின் கதை அப்படியன்று. இங்கேதான் மதிப்பெண் முறை தடுமாறுகிறது.

முதல் குறை: நஞ்சு இல்லாதது தீங்கு இல்லாததா?

சோற்றுப்பு நஞ்சு அல்ல. நாம் நாள்தோறும் உண்பது. சோதனை எலிகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 3 கிராம் உப்பு தேவை. தோலின் மயிரை நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடில் 0.2 கிராமே போதும். ஆகவே எலியை வைத்து மதிப்பெண் இட்டால், ஒரு கிலோ உப்பின் தீங்கு ஒரு கிலோ சல்பைடின் தீங்கில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மீனை வைத்து அளந்தாலும் உப்பு எளிதில் தேறிவிடும். எட்டுத் தலைப்புகளில் 'நிலம் உவர்ப்பாதல்' என்ற ஒன்பதாவது தலைப்பே இல்லை.

ஆனால் வயலுக்குச் சென்று பாருங்கள். பயிரின் வேர் சவ்வூடு பரவலால் நீரை உறிஞ்சுகிறது. மண்ணின் நீரில் உப்பு மிகுந்தால், நீர் வேருக்குள் செல்ல மறுக்கிறது. காலடியில் ஈரம் இருந்தும் பயிர் தாகத்தால் வாடுகிறது. மேலும், சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகி, மழை நீரும் கீழே இறங்குவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்ற ஆய்வைக் குறிப்பிடுகிறது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் சென்று 'உப்பின் மதிப்பெண் குறைவு' என்று நாம் சொல்ல முடியுமா?

பிழை கணிப்பொறியினுடையதன்று. எதை அளப்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை மனிதரே முடிவு செய்கிறார்கள். குளிர்ந்த நாட்டில், ஆண்டெல்லாம் நீர் ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து எழுதிய பட்டியல், ஆண்டில் சில நாள்களே நீர் ஓடும் ஆற்றுக்கு அப்படியே பொருந்தாது.

இதே குறை நம்முடைய விதிகளிலும் இருக்கிறது. சாயப்பட்டறைக் கணக்கை மீண்டும் பாருங்கள். எதிரோட்ட முறையில் தண்ணீரை 4 லிட்டரிலிருந்து 1.6 லிட்டராகக் குறைத்தோம். வெளியேறும் உப்பு இரண்டிலும் அதே 80 கிராம். ஆனால் முதலாவதில் லிட்டருக்கு 20 கிராம். இரண்டாவதில் 50 கிராம். லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் அளக்கும் விதியின் கண்ணில், தண்ணீரைச் சேமித்தவர் குற்றவாளி. தண்ணீரைக் கொட்டிக் கலக்கியவர் நல்லவர்! நாள் ஒன்றுக்கு மொத்தம் எத்தனை கிலோ உப்பு வெளியேறுகிறது என்று கேட்டால்தான் இந்த முரண்பாடு தீரும்.

இரண்டாம் குறை: கோடு எங்கே முடிகிறது?

பாவனைக் கணிப்பு செய்பவர் முதலில் செய்யும் வேலை, ஆலையைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு வரைவது. கோட்டுக்குள் இருப்பது கணக்கில் வரும். கோட்டைத் தாண்டிய அம்பின் நுனியில் 'கழிவு' என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் பொருண்மை அழியாமை விதி எந்தக் கோட்டையும் மதிப்பதில்லை.

பாலாற்றங்கரையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். முதலில் அமைந்த நிலையங்கள் கரிமக் கழிவுகளையும் குரோமியத்தையும் குறைத்தன. நுண்ணுயிர்கள் உப்பைத் தின்னா. ஆகவே உப்பு அப்படியே கடந்து சென்றது. பிரிந்த குரோமியமோ மறையவில்லை, சேறாக மாறியது. பின்னர் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரை வடிகட்டி, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்கினார்கள். நீர் திரும்பக் கிடைத்தது. ஆனால் பல உப்புகள் கலந்த அந்தத் திண்மத்தை வாங்குவார் எளிதில் இல்லை. காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். அதன் புகை வானுக்குச் செல்கிறது. ஆற்றிலிருந்த மாசு, மூட்டையிலும் சேற்றிலும் புகையிலுமாக இடம் மாறியது.

இடம் மாறிய மாசு வெறும் கணக்குப் பிழை அன்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பெருகிவந்த சேறு அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேரின் உயிரைப் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். ஆற்று நீரை மட்டும் அளந்துகொண்டிருந்த எந்தக் கணக்கிலும் அந்தச் சேற்றின் எடை இடம்பெறவில்லை.

எல்லைக்கோட்டைப் பெரிதாக வரைவது புதிய சிந்தனையும் அன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகள் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் அறக்கொடையைக் கூறும் அச்செப்பேடுகளில், கூரத்தில் வெட்டிய பரமேசுவரத் தடாகம் என்னும் ஏரியும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயும் குறிக்கப்படுகின்றன. ஏரியைப் பற்றி எழுதியவர்கள் அதற்கு நீர் தரும் ஆற்றையும் கால்வாயையும் சேர்த்தே எழுதினார்கள். நம் காலத்து ஆலை வரைபடத்தில் ஆறு ஓர் அம்பின் நுனியோடு முடிந்துபோகிறது. அந்த நுனிக்கு அப்பால்தான் கூரமும் காஞ்சியும் அவற்றின் கிணறுகளும் இருக்கின்றன.

மூன்றாம் குறை: தோல் பென்சீன் அல்ல

பென்சீனின் கொதிநிலை எல்லா நாட்டிலும் ஒன்றே. ஆஸ்பென் போன்ற நிரல்களின் வலிமை, ஆயிரக்கணக்கான தூய சேர்மங்களின் பண்புகள் அவற்றின் கிடங்கில் இருப்பதே. எனவே மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் போன்றவற்றுக்கு அவை மிக நன்றாகப் பொருந்துகின்றன. அங்கே பொருள் இடைவிடாமல் குழாயில் ஓடுகிறது. இன்று போலவே நாளையும் ஓடுகிறது.

தோல் அப்படிப்பட்ட பொருளா? ஓர் ஆட்டின் தோல் மற்றோர் ஆட்டின் தோல் போல இருப்பதில்லை. பட்டு நூலிலுள்ள பசையும் அப்படித்தான். அது நூலின் எடையில் 20 முதல் 30 விழுக்காடு வரை வேறுபடுகிறது. தோல் ஆலையிலும் சாயப்பட்டறையிலும் வேலை தொடர் ஓட்டமாக நடப்பதில்லை. தொட்டி தொட்டியாக, நாளுக்கொரு சரக்காக நடக்கிறது. அதற்கேற்ற கணக்கு முறைகள் உண்டு. ஆனால் அவற்றுக்குத் தேவையான அளவீடுகள் ஆலைவாரியாக எடுக்கப்பட வேண்டும். எத்தனை பட்டறைகளில் தண்ணீர் மீட்டர்கூட இருக்கிறது? ஆக, நம் ஆறுகளை மிகுதியும் கெடுக்கும் சிறு தொழில்களுக்கே இக்கருவி மிகக் குறைவாகப் பொருந்துகிறது. கருவியைப் புகழ்வோர் இந்த முரணைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நான்காம் குறை: கேட்டதற்கு மட்டும் விடை

கணிப்பொறி நாம் வரைந்த வழிகளை ஒப்பிடும். நாம் வரையாத வழியை அது கண்டுபிடிக்காது. இதற்கு மருந்துத் தொழிலில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வலி நீக்கும் இபுபுரோஃபென் மருந்தை 1960-களில் பூட்ஸ் நிறுவனம் ஆறு படிகளில் தயாரித்தது. உள்ளே செல்லும் அணுக்களில் 40 விழுக்காடுதான் மருந்தில் சேரும், மற்றவை கழிவு. அந்த ஆறு படிகளையும் கணிப்பொறியில் எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் இந்த 40-ஐ மாற்ற முடியாது. பின்னர் வேதியியலார் முற்றிலும் புதிய, மூன்றே படிகள் கொண்ட வழியைக் கண்டனர். அதில் 77 விழுக்காடு அணுக்கள் மருந்தில் சேர்கின்றன. 1992-இல் டெக்சாஸில் அந்த ஆலை இயங்கத் தொடங்கியது. வழியைக் கண்டது வேதியியலாரின் மூளை. ஆலையைச் சீர்மைப்படுத்தக் கணக்கு பிறகு உதவலாம்.

தோல் தொழிலிலும் கேள்வி கேட்ட விதம்தான் விடையைத் தீர்மானித்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது தமிழகத்தின் பழைய கலை. 1972-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கம் அளித்தது. அந்நியச் செலாவணி பெருகியது, வேலைவாய்ப்பும் பெருகியது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் குரோமியப் பதனிடலும் பெருகியது. 'எந்த வழியில் அதிக வருவாய்?' என்று கேட்டோம். அதற்குச் சரியான விடை கிடைத்தது. 'எந்த வழியில் கிணறு கெடாது?' என்று அப்போது கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நீதிமன்றங்கள் கேட்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் கண்காணிப்புக் குழுவும் வேண்டும் என ஆணையிட்டிருக்கிறது. 1996-க்கும் 2025-க்கும் இடையே 29 ஆண்டுகள்.

ஆகவே என்ன செய்யலாம்?

இவ்வளவு குறைகள் கூறியதால் பாவனைக் கணிப்பு வேண்டாம் என்று பொருள் கொள்ளலாகாது. தராசு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. தட்டில் எதை வைக்கிறோம் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறோம். அழியாமை விதியை ஏமாற்ற முடியாது என்பதை இந்தக் கருவியைப் போலத் தெளிவாக உணர்த்துவது வேறில்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் மாசு ஒழிந்தது என்னும் மாயையை உடைப்பதற்கு இதுவே நல்ல ஆயுதம்.

ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, எல்லைக்கோட்டை ஆலையின் மதிலோடு நிறுத்தாமல், சேறு போய்ச் சேரும் இடம் வரை, உப்பு மூட்டை அடுக்கியிருக்கும் கிடங்கு வரை, ஆற்றின் கடைசிக் கிணறு வரை நீட்ட வேண்டும். இரண்டாவது, மதிப்பெண் பட்டியலில் நம் நாட்டு நிலமும் நீரும் இடம்பெற வேண்டும். உவர்ப்பு அதில் முதலிடத்தில் வர வேண்டும். மூன்றாவது, கணக்கை ஆலையும் அரசும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், கரையோர மக்கள் காணும்படி வெளியிட வேண்டும். எந்த ஊகங்களின்மேல் அந்த எண் கட்டப்பட்டது என்பதையும் கூறவேண்டும். ஊகத்தை மறைத்த எண், ஆலைக் கழிவைப் போலவே ஆபத்தானது.

மாணவர்களுக்கு ஒரு சொல். 'டி.டபிள்யூ.சிம்' என்ற பாவனை நிரல் இன்று விலையின்றிக் கிடைக்கிறது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஃபாஸி' திட்டம் மாணவர்களை அதில் பழக்குகிறது. கணிப்பொறி இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. நம் பாடநூலில் 'ஒரு தொட்டியில் இவ்வளவு உப்பு' என்று வரும் கணக்குகள் பல உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர்ச் சாயப்பட்டறையிலோ அரிசி ஆலையிலோ வெல்லம் காய்ச்சும் இடத்திலோ உண்மையான அளவுகளைக் கேட்டு எழுதிப் போடுங்கள். உள்ளே எத்தனை கிலோ, வெளியே எத்தனை கிலோ என்று இரு பக்கமும் எழுதுங்கள். பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக வராது. வராத அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு செல்லுங்கள். அது உங்களை ஒரு வாய்க்காலுக்கோ ஒரு கிணற்றுக்கோ அழைத்துச் செல்லும். அங்கே சென்று நின்ற பிறகு கணிப்பொறியின் முன் அமர்ந்தால், எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராது.